வால்யூம் யார் கையில்

போன மாதம் என் மகள் புதுக் கார் எடுத்தாள். பெட்ரோல் வேண்டாத, கரண்டில் சார்ஜ் ஏற்றுகிற வண்டி. சாவி வாங்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஷோரூமில் டை கட்டிய இளைஞர் ஒருவர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். பழக்கதோஷம், நான் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

“அங்கிள், அங்க எந்த வயரையும் தொடக்கூடாது. ஒரு வயர் கட் ஆனாலும் வாரண்டி போயிடும்.”

“பார்க்கலாமா தம்பி?”

“பார்க்கலாம் அங்கிள். கையை மட்டும் வெளிய வெச்சுக்கங்க.”

வாழ்க்கையில் பாதியை டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கழித்தவன் நான். என் கழுத்து எலும்பைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டரே, “என்ன வேலை சார் பார்த்தீங்க?” என்று கேட்டார். அப்படிப்பட்டவனைப் பார்த்துக் கையை வெளியே வைத்துக்கொள் என்றால் சிரிப்பு வராமல் என்ன செய்யும். மகள் திரையைப் பார்த்து, பேஸைக் கூட்டு என்று வாயால் சொன்னாள். வண்டி தானாகவே கூட்டிக்கொண்டது. நன்றாகத்தான் இருந்தது. குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்தக் காரின் படத்தை எங்கள் கார் ஸ்டீரியோ கடை வாட்ஸப் குழுவில் போட்டேன். கடையை இப்போது நடத்துவது இம்ரான், எங்கள் முதலாளியின் பேரன். வாரண்டி முடிந்த வண்டியெல்லாம் கடைசியில் அவனிடம்தான் வருகிறது, வேலைக்குக் குறைவில்லை. அவன் எழுதியிருந்தான்: “அண்ணா, புதுசா சேர்ந்த ஃபிட்டர்ங்க எல்லாரும் ஒரே கேள்வி கேக்கறாங்க. வேலை முடிஞ்சதும் ஏன் நாம வால்யூமைத் தொடக்கூடாதுன்னு. தாத்தா ரூல்னு சொன்னா சிரிக்கறாங்க. அந்த வேன் கதைய நீங்களே எழுதிடுங்க.”

எழுதுகிறேன். ஆனால் வேனுக்கு வருமுன் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன். ரிட்டயரானவனிடம் கதை கேட்டால் அப்படித்தான்.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில். அப்பா சுரங்கத்தில் டிரில் மிஷின் பிடித்தவர். நான் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தேன், ராபர்ட்சன்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடையில் கொஞ்ச காலம் உட்கார்ந்தேன், பிறகு எல்லாரையும் போல விடிகாலைப் பாசஞ்சரில் தொற்றிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்கு வர ஆரம்பித்தேன். அந்த ரயிலில் சீட்டாடக் கற்றதும் தூங்கக் கற்றதும்தான் மிச்சம். கல்யாணம் ஆனதும் நீலசந்திராவில் வீடு பிடித்தேன். தொழில் என்று கற்றதெல்லாம் ஜே.சி. ரோட்டுச் சந்து ஒன்றில், ரஹ்மத் பாய் கடையில்தான்.

பாய் நல்ல உயரம். கை இரண்டும் முழங்கால் வரை வருமோ என்று தோன்றும். அவர் கத்தி நான் கேட்டதில்லை. நாம் வேலையை முடித்து எழுந்ததும் வருவார். நாம் போட்ட வயரை இரண்டு விரலால் பிடித்து ஒரே ஒரு இழுப்பு இழுப்பார். வந்துவிட்டால், அதை நம் உள்ளங்கையில் வைத்துவிட்டு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்புவதற்குள் நாம் சரிசெய்திருக்க வேண்டும். அதற்கு அவர் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம் என்று இருக்கும்.

சத்தத்தைப் பெருக்கும் ஆம்பும், டிரம் அடியை உடம்பே உணர அதிரவைக்கும் வூஃபர் ஸ்பீக்கரும் மாட்டுவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. எந்த வண்டியானாலும் அதே முறைதான். முதல் வேலை பேட்டரியின் மைனஸைக் கழற்றுவது, கடைசி வேலை அதைத் திரும்ப மாட்டுவது. பேட்டரியிலிருந்து ஆம்புக்குப் போகும் தடித்த வயரில், பேட்டரியை விட்டு ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். வழியில் வயர் எங்காவது தகரத்தில் உரசிப் பற்றிக்கொண்டால், ஃபியூஸ் தூரத்தில் இருந்து என்ன பிரயோசனம்? சாண் என்றால் அவர் சாண் இல்லை, நம் சாண். அவர் சாணில் பாதி வண்டி அடங்கிவிடும். வயர் தகரச் சுவரைத் தாண்டும் ஓட்டையில் ரப்பர் புஷ் இல்லாமல் விட்டால் அன்றைக்கு டீ நிச்சயம். பெங்களூர் ரோட்டுக் குழியில் ஒவ்வொரு தூக்கலுக்கும் அந்தத் தகர விளிம்பு வயரை ரம்பம் போல அறுக்கும்.

கரண்ட் வயர் ஒரு பக்கம், பாட்டைக் கொண்டுபோகும் வயர் மறுபக்கம். “மாமியாரையும் மருமகளையும் ஒரே ரூம்ல போடாதே” என்பார் பாய். போட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் விசில் ஏறும். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து, தகரம் பளபளவென்று தெரிந்த பிறகே நட்டு முறுக்க வேண்டும். ஒருமுறை நாகராஜ் என்ற டாக்சிக்காரர் வந்தார். வேறு எங்கோ மாட்டிய வூஃபர். “அண்ணா, லைட்டு டான்ஸ் மாட்தா இதெ” என்றார். உண்மைதான். பாட்டில் டிரம் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கி மங்கி எரிந்தது. பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் எர்த் துருப்பிடித்துப் பச்சை பூத்திருந்தது. துருவைச் சுரண்டிப் புது வயர் போட்டதும் லைட் ஆட்டத்தை நிறுத்தியது. நாகராஜுக்கு அதில் பாதி ஏமாற்றம். அவர் மகளுக்கு அந்த ஆட்டம் பிடித்திருந்ததாம்.

எல்லாம் முடிந்ததும் பாய் எங்களை வண்டிக்குள் உட்காரவைத்து, என்ஜினை ஓடவிட்டு, வால்யூமைச் சுத்தமாக இறக்கிவிடுவார்.

“பாட்டு நல்லா கேக்குதான்னு அப்பறம் பாக்கலாம். பாட்டு இல்லாதப்போ என்னா கேக்குது? அத சொல்.”

ஒன்றும் கேட்கவில்லை என்றால்தான் வேலை முடிந்தது. பிறகு கஸ்டமரைக் கூப்பிடுவோம். இங்கேதான் இம்ரான் சொன்ன அந்த விதி. கஸ்டமரை சீட்டில் உட்காரவைத்து, பாட்டுப் போடும் டெக்கை வால்யூம் இல்லாமல் ஆன் செய்து, நாங்கள் ஒரு அடி தள்ளி நிற்க வேண்டும். வால்யூமைக் கூட்டுவது அவர் கைதான். எங்கள் கை டெக் பக்கம் போகவே கூடாது. மற்றக் கடைகளில் ஃபிட்டரே முழுசாகத் திருகி, வண்டி கண்ணாடி அதிர, எப்படி சார் என்று பல்லைக் காட்டுவான். எங்களுக்கும் அந்த ஆசை இருந்தது. ராப்பகலாக மாட்டியதை நாமே ஒரு அதிர்வு அதிரவிட்டுக் காட்டினால்தானே கெத்து. ஒரு நாள் நான் கேட்டேவிட்டேன், ஏன் பாய் என்று.

“வண்டி அவங்கள்து, காதும் அவங்கள்து. சத்தம் மட்டும் உன்துவா?” என்றார்.

அன்றைக்கு எனக்கு அது ஏதோ முதலாளியின் முரட்டு வழக்கமாகத்தான் பட்டது.

இனி என் அப்பா. நாங்கள் நைனா என்போம். ஊரில் அவருக்கு டிரில் ஆபிரகாம் என்று பெயர். பூமிக்கு அடியில் வருஷக் கணக்காக அந்த மிஷினைப் பிடித்ததில் இரண்டு காதும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் காது மிஷின் கொடுத்தார்கள். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, “இதுலயும் டிரில்லுதான் கேக்குது” என்று கழற்றி அரிசி டப்பாவில் போட்டுவிட்டார். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அவர் பேசுவது மட்டும் தெருக்கோடி வரை கேட்கும்.

நான் செய்யும் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. முதலில் மெக்கானிக் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அம்மா உண்மையைச் சொல்லிவிட்டாள். அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்த என் எதிரில் வந்து நின்று சொன்னார்:

“சத்தம் என் காத துன்னுச்சு. நீ அத்தயே விக்கிற.”

நான் தட்டைக் கழுவ எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு வேலையைப் பற்றி அவர் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. ஒருவர் கையால் செய்யும் வேலையைப் பெற்ற தகப்பன் ஒருமுறைகூடப் பார்க்காமல் இருப்பது எப்படி வலிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

சுரங்கத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பின்னால் நடந்தது விளங்காது. எங்கள் ஊரில் ராக் பர்ஸ்ட் என்று ஒன்று உண்டு. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடிப்பது. முன்கூட்டி ஒரு சத்தமும் வராது. மேலே எங்கள் வீட்டுத் தரை ஒரு முறை தூக்கிப்போடும். அலமாரியிலிருந்து பாத்திரங்கள் உருளும். அடுத்த நிமிஷம் எல்லா வாசலிலும் பெண்கள் நிற்பார்கள். பிறகு சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் கேட்டைப் பார்த்து ஓடுவார்கள், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்கள் மேலே வருவார்கள். முகமெல்லாம் புழுதியும் சேறும், யார் எவர் என்று அடையாளமே தெரியாது. நைனா நேராக அம்மா முன்னால் வந்து நிற்பார். தலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல், “பயப்படாத. நான்தான்” என்பார். அதற்குப் பிறகுதான் அம்மா அழுவாள்.

சுரங்கம் மூடிய சில வருஷத்தில் அம்மா இறந்துபோனாள். நைனா அந்த லைன் வீட்டில் தனியாக இருந்தார். எங்களோடு வந்து இருங்கள் என்று நானும் என் மனைவி லில்லியும் கூப்பிடாத நாள் இல்லை. ஒருமுறை அடுப்பை அணைக்க மறந்து தூங்கிவிட்டார். குக்கர் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. எதிர் வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துத்தான் உள்ளே போனார்கள். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. அவரோ அசையவில்லை.

“சத்தம் விக்கிறவன் வூட்ல எனக்கு இன்னா வேல?” என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பழைய வேன் ஒன்று வாங்கியிருந்தேன். அதில் நல்ல வூஃபராக ஒன்று மாட்டி, நைனாவை உட்காரவைத்தால்? காதால் கேட்க முடியாததை முதுகால் கேட்கலாமே. நான் விற்பது அவர் காதைத் தின்ற சத்தம் இல்லை, பாட்டு என்று அவருக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால், என் மேல் உள்ள கோபம் போகும். கோபம் போனால் என் வீட்டுக்கும் வருவார். இதுதான் கணக்கு.

அந்த வேனுக்குச் செய்த மாதிரி வேலையை நான் எந்தக் கஸ்டமருக்கும் செய்ததில்லை. என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிற வண்டி. சூடு படாமல் வயரைக் கொண்டுபோவதே பெரும்பாடு. கரண்ட் வயருக்கு மேல் இன்னொரு உறை போட்டுத் தரையோரமாக இழுத்தேன். ஆம்பைப் பின்சீட்டுக்கு அடியில் காற்றோட்டமாக வைத்தேன். வூஃபர் பெட்டியை நைனா உட்காரப்போகும் முன்சீட்டின் முதுகுக்குப் பின்னால், அது அவரைப் பார்த்திருக்கும்படி நிறுத்திப் பட்டை போட்டு இறுக்கினேன். டோர் பேட் ஒவ்வொன்றையும் கழற்றி, கிறுகிறுக்கும் இடத்திலெல்லாம் ஃபோம் ஒட்டினேன். பாய் வந்தார், இழுத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. டீயும் குடிக்கப் போகவில்லை.

எங்கள் ஊர் சர்ச் தேர்பவனியில் வாசிக்கும் பேண்டு செட்டின் சிடி ஒன்று கிடைத்தது. பெரிய டிரம் நன்றாக விழும். நைனா அந்தக் காலத்தில் அந்த பேண்டுக்குப் பின்னாலேயே நடப்பார். இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடையாது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேனை ஊருக்கு ஓட்டிப் போனேன்; பூசை முடிந்து நைனா லைன் வீட்டுக்கு வந்திருந்தார். வாசலில் வேனை நிறுத்தி, வா உட்காரு என்று கையைப் பிடித்து ஏற்றினேன். புது வண்டி பார்க்கிற மாதிரி அங்கே இங்கே தடவிப் பார்த்தார். முகத்தில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சிடியைப் போட்டேன். கடையில் ஒரு நாளும் செய்யாததை அங்கே செய்தேன். வால்யூமை நானே திருகினேன், நன்றாகவே திருகினேன். காது கேட்காதவருக்கு என்ன விதி வேண்டிக்கிடக்கிறது?

டிரம் விழுந்தது. சீட் அதிர்ந்தது.

நைனா கதவைத் திறந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. செருப்பு வண்டிக்குள்ளேயே கிடந்தது. தெரு நடுவில் வெறுங்காலோடு நின்று, மூடிக்கிடந்த ஷாஃப்ட் பக்கம் பார்த்தார். பிறகு லைன் வீட்டு வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதிர் வீட்டுப் பெண் ஒருத்தியும் வாசலுக்கு வந்து நின்றாள். நான் பதறிப்போய் டெக்கை அணைத்துவிட்டு இறங்கினேன். எங்கள் ஊர்க்காரன் நானே இதை யோசிக்காமல் போனேனே என்று அப்போதுதான் உறைத்தது. முதுகுக்குப் பின்னாலிருந்து, சொல்லாமல் கொள்ளாமல், தரையைத் தூக்கிப்போடுகிற ஒன்று. நைனாவின் உடம்புக்கு அப்படி வருவது ராக் பர்ஸ்ட் ஒன்றுதான்.

எப்போதும் கத்திப் பேசுபவர் அன்றைக்குத் தாழ்ந்த குரலில் பேசினார்.

“ஷாஃப்ட்ல ஆரும் இல்லன்னு தெரியும். தெரிஞ்சும் காலு போவுது பாரு.”

“நைனா, நான் ஒனக்காகத்தான்…”

“போடா. இந்த வண்டில இனிமே நான் ஏற மாட்டேன்.”

உள்ளே போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டார். கூட்டிக்கொண்டு போக வந்த ஆளை நானே கதவுக்குள் அடைத்துவிட்டேன். அவர் செருப்பை வாசலில் வைத்துவிட்டு வேனைத் திருப்பினேன்.

மறுநாள் கடையில் பாய் என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். நடந்ததைச் சொன்னேன். ஆம்பைக் குறை சொல்வார், பெட்டியின் அளவைக் குறை சொல்வார், பாட்டை மாற்று என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“வால்யூம் யார் கைல இருந்துச்சு?”

“என் கைல, பாய்.”

டீ குடிக்கப் போய்விட்டார். திரும்புவதற்குள் சரிசெய்ய வேண்டும், ஆனால் எதைச் சரிசெய்வது? அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தபோது நேராக மேஜை இழுப்பறைக்குப் போனார். அங்கே ஆம்புகளோடு வரும் சின்னத் திருகு நாப்புகள் கிடக்கும், நீள வயர் வைத்தவை. வூஃபரை மட்டும் தனியாகக் கூட்டிக் குறைக்க. பெரும்பாலான கஸ்டமர்கள் அது வேண்டாம் என்பார்கள், நாங்களும் உள்ளே தள்ளிவிடுவோம். என் ஆம்புக்கு உண்டானதைத் தேடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“இத வாலித்சாப் பக்கம் மாட்டு,” என்றார். வாலித்சாப் என்று அவர் சொன்னது என் அப்பாவை. “உன் கைக்கு எட்டக்கூடாது.”

டேஷ்போர்டின் இடது பக்கம், நைனா சீட்டுக்கு நேராக மாட்டினேன். பாய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அந்த நீளக் கையை நீட்டிப் பார்த்தார். எட்டியது. கழற்றி இன்னும் தள்ளி, கதவுப்பக்க மூலைக்கே கொண்டுபோனேன். மறுபடி நீட்டினார். எட்டவில்லை. தலையை ஆட்டிவிட்டு இறங்கினார். பெட்டியை மாற்றவில்லை, பாட்டை மாற்றவில்லை. கையை மட்டும்தான் மாற்றினோம்.

ஆனால் ஏற மாட்டேன் என்றவரை ஏற்றுவது எப்படி? அதற்குத்தான் என் மகளின் புதுநன்மை, பெங்களூர் சர்ச்சில் அவள் முதல்முறை நற்கருணை வாங்கும் விழா, வந்தது. இப்போது கார் வாங்கியிருக்கிறாளே, அவளேதான். என்னோடு ஊருக்கு வந்து தாத்தாவின் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு எழுத்தாக வாயைத் திறந்து சொன்னாள், “நீ வரலன்னா நான் வெள்ளை கவுன் போட மாட்டேன்.” நைனா அவளைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், என்னைப் பார்க்கவே இல்லை.

“வர்றேன். பாட்டு கூடாது.”

“என் கையால வராது நைனா,” என்றேன். நாப்பைக் காட்டினேன்.

“இது இன்னாது?”

“நீ திருப்பினாத்தான் அந்த ஆட்டம் வரும். திருப்பாட்டி ஒன்னுமில்ல. எனக்கு எட்டாது, பாரு.” டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டினேன். அவர் நம்பவில்லை. இன்னும் நீட்டச் சொன்னார். தோள் கழன்றுவிடும்போல நீட்டினேன். அதற்குப் பிறகே ஏறினார்.

ஒரு சின்னத் தந்திரம் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அதே சிடியை மெதுவாக ஓடவிட்டிருந்தேன், முன் ஸ்பீக்கரில் மட்டும். பாட்டு ஓடினால்தானே நாப்பைத் திருப்பும்போது ஏதாவது வரும்? நைனாவுக்குக் கேட்கப்போவதில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மகள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

கோலார் தாண்டும்வரை நைனா கையை மடியிலேயே வைத்திருந்தார். தாண்டியதும் ஒரு விரல் நாப்பின் மேல் போனது. திருப்பவில்லை, சும்மா தொட்டார். கையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தொட்டார், மயிரிழை அளவு திருப்பினார். என் முதுகில் லேசாக ஒரு துடிப்பு வந்தது. நைனா சட்டென்று பூஜ்யத்துக்குத் திருப்பினார். நின்றது. கொஞ்சம் கூட்டினார், வந்தது. குறைத்தார், நின்றது. நான் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை; பார்த்தால் கெட்டுவிடும் என்று பயம்.

பிறகு அவர் கையை எடுக்கவில்லை. நரசாபுரா பக்கம் வரும்போது இன்னொரு உள்ளங்கையையும் கதவில் பதித்துவிட்டார்.

“இவ்ளோ நேரமும் பாடிக்கினா இருந்துச்சு?”

தலையை ஆட்டினேன்.

“எனக்கு சொல்லவே இல்ல.”

“பாட்டு கூடாதுன்னு நீதான சொன்ன.”

அவர் கொஞ்ச நேரம் கதவைக் கையால் கேட்டுக்கொண்டு வந்தார். “இது நம்ம தேர் பேண்டு. பெரிய டிரம்மு அடிக்கிறவன் கொஞ்சம் லேட்டா அடிப்பான். அதே மாரி கீது.” சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் திருப்பினார். கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. நான் என்னை அறியாமல் அவர் பக்கம் திரும்பிவிட்டேன். கண்ணில் தண்ணீர் நின்றிருந்ததால் அவர் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

“ரோட்ட பாத்து ஓட்டுடா,” என்றார். “இத நான் பாத்துக்கிறேன்.”

புதுநன்மைக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. போகிறேன் என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார், லில்லி பையை ஒளித்துவைப்பாள். இரண்டு பேருக்குமே அது விளையாட்டாகப் போயிற்று. ஞாயிறு பூசை முடிந்ததும் வேன் சாவிக்குக் கையை நீட்டுவார். நீலசந்திரா சந்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வேனில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒரு கை கதவில், ஒரு கை நாப்பில். மகள் போய் சிடி மாற்றிக் கொடுப்பாள். மேல்வீட்டுக்காரர் ஒருமுறை வந்து, “மனேல பாத்ரெ எல்லா அள்ளாட்தா இதெ சார்” என்றார். பாத்திரமெல்லாம் ஆடுகிறதாம். காது கேட்காத மனிதர் மேல் சத்தப் புகார் வந்தது அந்தச் சந்திலேயே எங்கள் வீட்டுக்குத்தான். நைனாவிடம் சொன்னால், “கேக்கல” என்பார். அதற்கு நாங்கள் எங்கே போய் முறையிட?

அவர் என் தொழிலைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களை வேனுக்கு இழுத்துக்கொண்டு போய், நாப்பைக் காட்டி, “நீயே திருப்பு” என்பார். தன் கையால் திருப்பிக் காட்டியதே இல்லை. பாய் கடைக்கு அவர் ஒரு நாளும் வந்ததில்லை. பாய் விதியை அவரிடம் யாரும் சொன்னதும் இல்லை. இம்ரான், புதியவர்களிடம் இதைச் சொல்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் பிலோமினாக்கா. அவரும் தங்கவயல்தான்; அவர் வீட்டுக்காரரும் சுரங்கத்தில் வேலை பார்த்து இறந்துபோனவர். வேன் விஷயம் அவருக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை நைனா நாப்பைக் கொஞ்சம் தாராளமாகவே திருப்பிவிட்டார். எதிர் வீட்டில் ஏதோ உருண்டு விழுந்த சத்தம் கேட்டது. பிலோமினாக்கா கையில் கரண்டியோடு, வெறுங்காலோடு சந்துக்கு ஓடிவந்து நின்றார். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஓடுவதற்கு இங்கே ஷாஃப்ட் ஏது? அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவிடம் பார்த்திருக்கிறேன்.

நான் வேனை நோக்கி ஓடினேன். எனக்கு முன்னால் நைனா கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துவிட்டிருந்தார். நாப்பைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு, கதவைத் திறந்து, மெல்ல இறங்கினார். நேராகப் போய் பிலோமினாக்கா முன்னால் நின்றார். சந்து முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னார்:

“பயப்படாத. நான்தான்.”